பசை படிந்த இடத்தில் நிறம் பிடிக்காதது ஏன்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரப்பர் மரப் பலகைகளில் நீ செய்த புத்தக அலமாரியின் மூட்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். மூட்டுகளை ஒட்டித் தெரியும் வெளிறிய திட்டுகளுக்கு மரமோ நீ வாங்கிய சாயமோ காரணமில்லை. இறுக்கும்போது பிதுங்கிய வெள்ளைப் பசையை ஈரத்துணியால் துடைத்ததாக எழுதியிருந்தாய் அல்லவா, அப்போது கரைந்த பசை மரத்தின் நுண்துளைகளில் இறங்கிக் காய்ந்துவிட்டது. சாயம் உள்ளே இறங்கினால்தான் நிறம் பிடிக்கும். அடைபட்ட இடத்தில் அது மேலேயே நின்று, துடைத்ததும் துணியோடு வந்துவிடும். ஆகவே இன்னும் இரண்டு முறை பூசலாமா என்ற உன் கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். சுற்றியுள்ள மரம்தான் மேலும் கறுக்கும்.

முதலில் பசையை அகற்று. கூரான உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மர ரேகையின் போக்கிலேயே மெல்லச் சுரண்டு. எடுத்த எடுப்பில் உப்புத்தாளால் தேய்த்தால், அந்தச் சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துவிடும். உளி நுழையாத மூலைகளில் வெந்நீரிலோ வினிகரிலோ நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் வைத்து, பசை இளகியதும் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்கலாம். மூட்டுக்குள் ஈரம் இறங்காமல் பார்த்துக்கொள், உள்ளே பிடித்திருக்கும் பசையும் தளர்ந்துவிடக் கூடாது. நீர் தாங்கும் வகைப் பசை என்றால் இது அவ்வளவாகப் பலிக்காது, சுரண்டத்தான் வேண்டும்.

பலகை நன்றாகக் காய்ந்தபின், திட்டை மட்டும் அல்லாமல் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை முழுப் பலகையையும் 120 எண் தாளாலும் பிறகு 180 எண் தாளாலும் தேய். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வழவழப்பாகத் தேய்த்த இடம் குறைவாகவும் சொரசொரப்பான இடம் கூடுதலாகவும் சாயத்தை உறிஞ்சும் என்பதால், ஓரிடத்தை மட்டும் தேய்த்தால் பழைய திட்டு போய்ப் புதியது வரும். தூசியைத் துடைத்துவிட்டு டர்பெண்டைன் தடவிப் பார். எஞ்சிய பசை வெளிறித் தெரியும், அதையும் சுரண்டிவிடு. டர்பெண்டைன் உலர்ந்ததும் பலகை முழுவதும் ஒரே மூச்சில் சாயம் பூசி, ஒரே சீராகத் துடைத்துவிடு.

அதன்பிறகும் மெல்லிய வேறுபாடு தெரிந்தால், அரக்கு பாலிஷை ஒரு முறை பூசி, அது காய்ந்ததும் நுண்ணிய தூரிகையால் ரேகைகளைப் போலவே நிறம் தீட்டிக்கொள்ளலாம்.

அடுத்த முறை பிதுங்கும் பசையைத் துடைக்காமல், ரப்பர் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து உளியால் சீவி எடு. தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்துகொள், சன்னல்களைத் திறந்து வை. எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து, விறைப்பாகக் காய்ந்தபின் அப்புறப்படுத்து.

அன்புடன்,
அப்பா