பென்சிலின் பாடம் எடுக்கும் வேதியியல் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே, வணக்கம்.

பென்சிலின் பாடம் வந்தால் 1928-ஐயும் ஃபிளெமிங்கின் தட்டில் படர்ந்த பூஞ்சையையும் சொல்கிறீர்கள். அப்புறம் நேராகப் பென்சிலின் மூலக்கூறின் கட்டமைப்பைக் கரும்பலகையில் வரைந்துவிடுகிறீர்கள். நடுவில் விட்டுப்போவது அந்தக் கட்டமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்த ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டோரத்தி ஹாட்ஜ்கின். அவரையும் வகுப்புக்குள் அழைத்து வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் வரையும் அந்த நாலு மூலை பீட்டா லாக்டம் வளையத்தை (நாலு அணுக்கள் சதுரம்போல் சேர்ந்தது) பெரிய வேதியியலாளர்கள் பலர் நம்பவே இல்லை. அவ்வளவு இறுக்கமான வளையம் எப்படி நிலைக்கும் என்பது அவர்கள் சந்தேகம். ஆக்ஸ்ஃபோர்டில் செல்வாக்கு மிகுந்த ராபர்ட் ராபின்சனே வேறொரு கட்டமைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதுதான் சரியென்றால் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போவேன் என்று வேதியியலாளர் ஜான் கார்ன்ஃபோர்த் சொன்னதாக ஒரு கதை உண்டு. (பூஞ்சைக்குப் பயந்து காளானிடமா!) ஹாட்ஜ்கின் பார்பரா லோவுடன் சேர்ந்து பொட்டாசியம், ருபிடியம் உப்புகளின் படிகங்களுக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். படத்தில் விழுந்த புள்ளிகளின் கருமையை அளந்து, எந்த அணு எங்கே என்று கணக்குப் போட்டார். கணினி பரவாத காலம்; துளையட்டை இயந்திரம்கூட உதவிக்கு வந்தது. 1945-இல் விடை கிடைத்தது: நாலு மூலை வளையமேதான். கார்ன்ஃபோர்த் காளான் பக்கம் போகவில்லை, 1975-இல் நோபல் வாங்கினார்.

சந்தேகத்தைக் கிளப்பிய அந்த இறுக்கம்தான் மருந்தின் பலமும். வளையம் திறந்து, பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதியோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பல முந்திக்கொண்டு உடைப்பதும் இதே வளையத்தைத்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் படத்தை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

24 வயதிலேயே ஹாட்ஜ்கினுக்கு முடக்குவாதம் வந்தது, விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைகளால்தான் சின்னஞ்சிறு படிகங்களைப் பொருத்தினார். பென்சிலினுக்குப் பிறகு வைட்டமின் பி12. 1964-இல் வேதியியல் நோபல் அவர் ஒருவருக்கே கிடைத்தது. ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் அதற்குப் போட்ட தலைப்பு, 'ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசிக்கு நோபல்'!

இன்சுலின் கதை இன்னும் நீளம். ராபின்சன் கொடுத்த கொஞ்சம் இன்சுலினோடு 1934-இல் தொடங்கியது, முழுக் கட்டமைப்பு தெரிந்தது 1969-இல். அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன எம். விஜயனும் இருந்தார்.

தேர்வில் இதெல்லாம் வராது, தெரியும். பாடம் முடிக்கும் அவசரமும் தெரியும். பத்து நிமிடம் போதும். ஆனால் 'நோபல் பெற்ற பெண் விஞ்ஞானி' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ராபின்சன் நம்பியது, நாலு மூலை வளையம் உள்ளது என இரண்டு கட்டமைப்புகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எது சரி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஹாட்ஜ்கின் பெயரை அப்புறம் சொல்லலாம்.

இப்படிக்கு,
வேதியியல் படித்த ஒரு பழைய மாணவன்