கைவிடப்பட்ட சானடோரியத்தின் நடைபாதைகளைக் காக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் காசநோய் சானடோரியத்தின் (நோயாளிகள் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின்) வளாகத்தில் மக்கள் அச்சமின்றி நடந்து வர வழிசெய்யும் பணிக்காக எங்கள் பராமரிப்புக் குழு உங்கள் உதவியை நாடுகிறது. எல்லாக் கட்டடங்களையும் புதுப்பிக்க நாங்கள் முனையவில்லை. பழைய நடைபாதைகளையும், இன்னும் உறுதியாக நிற்கும் ஒரேயொரு நோயாளர் விடுதியின் கூரையையும் மட்டுமே காப்பாற்ற விரும்புகிறோம்.

பாதைகளுக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் உண்டு. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரும், அதை வெல்லும் மருந்துக்காக உலகம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தூய காற்றும், ஓய்வும், சத்துணவும், அளந்து விதிக்கப்பட்ட நடையுமே சிகிச்சையாக இருந்தன. இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், தேறிவரும் நோயாளிகளை முதலில் சிறிது தூரம் நடக்கவிட்டு, காய்ச்சல் ஏறாதவர்களுக்குத் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டி, பின்னர் கூடை சுமக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் பழக்கினார். ஆகவே இத்தகைய வளாகங்களில் கட்டிலுக்கு நிகரான மருத்துவச் சாதனமாகப் பாதையைக் கருதுகிறோம். கட்டில்கள் போய்விட்டன, பாதைகள் புதருக்கடியில் இன்னும் இருக்கின்றன.

இந்நிலையங்கள் வெறிச்சோடிய காரணம் மகிழ்ச்சிக்குரியது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் என்ற மற்றொரு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்பதையும், வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதையும் 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. தன் தேவை தீர்ந்ததால் மூடப்பட்ட மருத்துவமனையை இடிபாடாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆயினும் இன்றைய நிலையில் எவரையும் உள்ளே அழைக்க எங்களுக்குத் துணிவில்லை. விடுதிகளின் தரைப்பலகைகள் உளுத்துவிட்டன, புதர்களுக்குள் மூடியில்லாத கழிவுநீர்க் குழிகள் உள்ளன, ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் உடைந்து சிதறியிருக்கின்றன. அத்தகடுகளின் நார்த்துகள் நுரையீரலுக்குள் சென்றால் பல்லாண்டுகள் கழித்தும் நோயை உண்டாக்கும் என்பதால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அவற்றை அகற்ற வேண்டும். நன்கொடையின் முதல் பகுதி இதற்கே செலவிடப்படும். தன்னார்வலர்கள் இவ்வேலையைத் தொட அனுமதிக்க மாட்டோம். அதன்பின் குழிகளை மூடி, பாதையோரம் வடிகால் வெட்டி, சாயக்கூடிய சுவர்களைச் சுற்றி வேலி அமைப்போம்.

விடுதிக் கூரையில் அடைபட்ட நீர்வடி குழாய்களால் மழைநீர் சுவருக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே பொரிந்துவிடும். எனவே சற்றுக் கூடுதல் காலம் எடுத்தாலும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துவோம்.

பெர்லினுக்கு அருகிலுள்ள பீலிட்ஸ் சானடோரியத்தில் இடிபாடுகளுக்கு மேலே மரவுச்சி உயரத்தில் 2015-இல் ஒரு நடைபாலம் திறக்கப்பட்டது. அந்த அளவுக்கு எங்களால் இயலாவிட்டாலும், இடிபாட்டைத் தொடாமலே அதன் நடுவே மக்களை நடத்திச் செல்ல முடியும் என்ற நம்பிக்கையை அது தருகிறது.

நோயாளர் பதிவேடுகளில் உள்ள பெயர்கள் எந்தப் பலகையிலும் எழுதப்படமாட்டா. உறவினர்கள் தாமாக முன்வந்து தரும் நிழற்படங்களையும் கடிதங்களையும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். நன்கொடைகளைக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டுகிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
வளாகப் பராமரிப்புக் குழுவினர்