காலில் எறும்பு ஊர்கிறது என்று எழுதியவளுக்கு

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். ராஜியின் வீட்டுக் கல்யாணப் பேச்சைப் பற்றி நீ எழுதிய இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்துச் சிரித்தேன். அந்தக் குடையை அவள் இன்னும் விடவில்லையா?

ஆனால் இந்த அவசரப் பதில் உன் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளுக்காக. பாதத்தில் எறும்பு ஊர்கிறது, இரவில் எரிகிறது, கட்டைவிரல் மதமதவென்று இருக்கிறது, ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்துவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதே மூச்சில், பாதத்தை வைக்கும் மின்சாரத் தட்டு ஒன்று வாங்கப்போவதாகவும், அது "செத்த நரம்புக்கு உயிர் கொடுக்கும்" என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். செருப்பு வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியலுக்கு இரண்டு பக்கம், உன் காலுக்கு நான்கு வரியா? நாற்பது வருடமாக நீ இப்படித்தான்.

இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்போடு நான் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். போர்வையின் ஓரம் விரலில் பட்டாலே துடித்துப்போன இரவுகள் உண்டு. மாத்திரைகளோடு சேர்த்து, ஒரு பிசியோதெரபி நிபுணர் எனக்கு மின்தூண்டல் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். 'டென்ஸ்' என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டி, அதிலிருந்து இரண்டு கம்பிகள், நுனியில் தோலில் ஒட்டும் பட்டைகள். அதன் பிறகு எரிச்சல் குறைந்தது, தூக்கம் வந்தது. ஆகவே மின்சாரம் ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று யாரும் உனக்குப் பிரித்துச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

முழங்கை கதவில் இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்த்ததும் வலி ஏன் தணிகிறது என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் பருமனானவை, வேகமானவை. எரிச்சலையும் மந்தமான வலியையும் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் அவற்றின் வேகம். இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு வாயில் இருக்கிறது. பருமனான இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால் அந்த வாயில் மெல்லிய இழைகளுக்குப் பாதி மூடிக்கொள்கிறது என்றார்கள். நுணுக்கங்களில் பின்னால் பல திருத்தங்கள் வந்தன. ஆனாலும் அடிப்படை எண்ணம் நின்றுவிட்டது. டென்ஸ் கருவி அந்தப் பருமனான இழைகளைத்தான் மென்மையான மின்துடிப்புகளால் தட்டி எழுப்புகிறது.

1967இல் அதே வாலும், வில்லியம் ஸ்வீட் என்ற அறுவை மருத்துவரும் இதை நோயாளிகளிடம் சோதித்தார்கள். தீராத வலியோடு இருந்த எட்டுப் பேர். நொடிக்கு 100 துடிப்புகள். அவர்களில் நான்கு பேருக்கு என்னைப் போலவே புற நரம்பு நோய், அதாவது தண்டுவடத்துக்கு வெளியே ஓடும் நரம்புகளில் நோய். இரண்டு நிமிடத் தூண்டலுக்குப் பிறகு அந்த நால்வருக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் வலி தணிந்திருந்தது! இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்? என் காலில் நான் உணர்வதை அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்.

இன்னும் பழைய கதையும் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், கீல்வாத வலிக்காரர்களை ஈரமான கடற்கரையில் நிறுத்தி, காலுக்கடியில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொன்னார். முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டுமாம். நீ நின்றிருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன், கொஞ்சம் நிதானமாகப் படி.

உன் காலில் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன, வசந்தா. ஊர்வது, எரிவது, சுருக்கென்று குத்துவது ஒன்று. இது அடிபட்ட நரம்பு தேவையில்லாமல் அனுப்பும் செய்தி. மரத்துப்போவது இன்னொன்று, அங்கே செய்தியே வரவில்லை. மின்தூண்டல் முதல் தொல்லையைத் தணிக்கக்கூடும், அதுவும் பெரும்பாலும் கருவி ஓடும்போதும் அதற்குப் பின் சிறிது நேரமும். இரண்டாவதை, போன உணர்வை, அது திருப்பிக் கொண்டுவரும் என்று நம்ப ஆதாரம் போதாது. வெட்டுப்பட்ட நரம்பு நல்ல நிலையிலேயே நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பிலிருந்து கால்விரல்வரை போகும் இழை ஒரு மீட்டர் நீளம். தட்டின்மேல் அரை மணி நேரம் கால் வைத்தால் செத்த நரம்பு உயிர்பெறும் என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

ஊர்வதும் எரிவதும் உன்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன, அதனால் அவற்றைப் பெரிய எதிரியாக நினைக்கிறாய். எனக்குப் பயம் அந்த அமைதியான கட்டைவிரலைப் பற்றித்தான். அங்கே முள் குத்தினாலும், கொதிக்கும் தண்ணீர் பட்டாலும், செருப்பு கடித்துப் புண்ணானாலும் உனக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர்கள் காலை இழப்பதில் பெரும்பாலான கதைகள் இப்படித் தெரியாமல் வந்த ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகின்றன.

அந்தத் தட்டு வேண்டாம் என்பதும் இதனால்தான். மின்சாரம் எவ்வளவு போதும் என்பதைக் கண்டுபிடிக்க நம்மிடம் இருக்கும் ஒரே அளவுகோல் நம் தோல். நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. தட்டு மின்சாரத்தை நேராக உள்ளங்காலுக்குள் அனுப்புகிறது. உனக்கு மரத்திருப்பதே அங்கேதானே? "ஒன்றும் தெரியவில்லையே" என்று நீ திருகிக்கொண்டே போவாய். தோல் பொசுங்கினாலும் தெரியாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் வேலையாக என் கண்ணை மூடச் சொல்லி, கூரானதையும் மழுங்கியதையும் மாற்றி மாற்றித் தொட்டு, எங்கே உணர்வு இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். பட்டைகளை உணர்வுள்ள தோலில், மரத்த இடத்துக்கு மேலே, நரம்பு போகும் வழியில் ஒட்டினார். புண்மீது ஒட்டாதே, கழுத்தின் முன்பக்கம் ஒட்டாதே, ஓடவிட்டபடி தூங்காதே என்றார்.

அண்ணனுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடாதே. முழங்கால் வலிக்கு அவரும் அந்தத் தட்டில் கால் வைத்துப் பார்க்கிறேன் என்பார், எனக்கு அவரைத் தெரியும். அவருடைய இதய மருத்துவர் சம்மதிக்காமல் எந்த மின்தூண்டல் கருவியும் அவர் உடம்பில் படக் கூடாது. இதை மட்டும் இன்றே அவரிடம் படித்துக் காட்டு.

மருத்துவ உலகம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். ஒரே குரலில் சொல்லவில்லை. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல், சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கு டென்ஸைக் கருதலாம் என்றது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதே அறிக்கை பரிந்துரைக்கவில்லை. 2017இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நரம்பு வலிக்கு டென்ஸ் தந்து பார்த்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அவற்றின் தரம் மிகக் குறைவு, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றது. எனக்குக் கிடைத்த பலனை இதற்காக நான் மறுக்கப்போவதில்லை. எனக்குப் பலித்தது உனக்கும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். தண்டுவடத்தருகே மின்முனை பதித்து, நொடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் முறைக்கு, சர்க்கரை நரம்பு வலிக்காக 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்துக்கு அடங்காத வலிக்காரர்களுக்கான வழி அது. உனக்கு அந்தப் பேச்சே இப்போது வேண்டாம்.

உனக்கு இப்போது வேண்டியது, ஏன் மரத்தது என்ற பதில். உனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றே நீ எழுதவில்லை! கடைசியாக எப்போது பார்த்தாய்? சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், முதுகில் நரம்பு நசுங்கியிருக்கலாம். வைட்டமின் பி12 குறைவாகவும் இருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவதுண்டு. காலத்தோடு கண்டுபிடித்தால் பி12 ஊசியால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். தள்ளிப்போட்டால் சேதம் நிரந்தரமாகலாம். அந்த நிலையில் நீ தட்டின்மேல் கால் வைத்து எரிச்சலை அடக்கிக்கொண்டு, "குணமாகிறது" என்று சில மாதங்களை ஓட்டிவிட்டால்? இந்த ஒரு கேள்விதான் என்னை இத்தனை பக்கம் எழுத வைக்கிறது. உன் அம்மாவின் காலை நீதானே கழுவிக் கட்டினாய்? அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போ. தட்டினால் அதிரும் இசைக்கவை என்ற உலோகக் கவையைக் காலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. அதன் பிறகு டென்ஸ் உனக்கு ஒத்துவரும் என்று அவர் சொன்னால், பட்டை ஒட்டுவது எப்படி என்று என்னிடம் இருக்கும் குறிப்புகளை எழுதி அனுப்புகிறேன். அதுவரை வெறுங்காலோடு நடக்காதே. தினமும் படுக்கப்போகும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பார். ஒரு பக்கக் கையோ காலோ முகமோ திடீரென்று மரத்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, நேராக மருத்துவமனைக்கு ஓடு.

பரிசோதனை முடிவுகளை எண்களோடு எழுது. "நார்மல்தான்" என்று ஒற்றை வரியில் முடித்தால் அண்ணனைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். ராஜிக்கு என் அன்பைச் சொல். கல்யாணத் தேதி முடிவானதும் முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும்.

அன்புடன்,
கௌரி