வேவர்லி பக்கத்து விவசாயி ஐயாவுக்கு நன்றி

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை மதியம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கனிலிருந்து ஒமாஹா போகும் வழியில் போனில் டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை அலறியதும் ஐ-80 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வேவர்லி பக்கம் ஒரு ஜல்லி ரோட்டில் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற எங்களை, பிக்கப்பில் வந்து கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டீர்கள். “பாலத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும், என் பின்னால் வாருங்கள்” என்றீர்கள். உங்கள் வீட்டு நிலவறைக்குள் எங்களை முதலில் இறக்கிவிட்டு அப்புறம்தான் நீங்கள் இறங்கினீர்கள். அலமாரியில் ஊறுகாய் பாட்டில்கள் கடகடவென்று ஆடின, நீங்கள் என் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள்.

அன்று ஒமாஹாவின் மேற்குப் பகுதியான எல்க்ஹார்னை அடித்த டொர்னாடோ இஎஃப்-4, அதாவது வலிமை அளவில் இரண்டாவது உயர்ந்த நிலை, என்று பிறகு தெரிந்தது. வெளியே வந்தபோது உங்கள் கொட்டகைக் கூரைத் தகடு வயலில் கிடந்தது, நீங்களோ எங்கள் டயரில் ஆணி ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். பெயர்கூடச் சொல்லவில்லை. மகள் நலம், ஐயா. ரொம்ப நன்றி.