வீடு விற்பனை இணையதள நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேலையூரில் அரை கிரவுண்டு மனையில் என் தந்தை கட்டிய வீட்டை விற்பதற்காகக் கடந்த ஏப்ரலில் உங்கள் தளத்தில் விளம்பரம் கொடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரமா, தெரிந்த தரகரா, இணையமா என்று வீட்டில் பல நாள் பேசினோம். 'உரிமையாளரிடமிருந்து நேரடியாக' என்று நீங்கள் போட்டிருந்த ஒரு வரியை நம்பித்தான் உங்கள் தளத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

நான் பெங்களூரில் வேலை பார்ப்பதால், அந்த வீட்டில் இருக்கும் அம்மாவின் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். அன்று இரவுக்குள் வந்த 43 அழைப்புகளில் வாங்க விரும்பியவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் தரகர்கள், அவர்களிலும் பலர் அதைச் சொல்லவில்லை. 'பையனுக்காகப் பார்க்கிறோம்' என்று சொல்லி வந்தவர்களை நம்பி, 72 வயதில் முழங்கால் வலியோடு மொட்டை மாடி வரை ஏறிக் காட்டி, காபியும் போட்டுக் கொடுத்திருக்கிறார் அம்மா. பூஜை அறையைக்கூட விடாமல் படமெடுத்துப் போனார்கள். மறுவாரம் அதே படங்களோடு எங்கள் வீடு உங்கள் தளத்திலேயே வேறு மூன்று விளம்பரங்களில் வந்தது. நாங்கள் 95 லட்சம் கேட்டிருக்க, ஒன்றில் 88 லட்சம், இன்னொன்றில் 1 கோடியே 10 லட்சம். உண்மையிலேயே வாங்க வந்த ஒரு குடும்பம், 'ஒரே வீட்டுக்கு இத்தனை விலையா? ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் மேசைமேல் எடுத்து வைத்துக் காத்திருந்த அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: விளம்பரம் கொடுப்பவரின் எண்ணை அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் தராதீர்கள்.

தரகர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கடைசியில் வீட்டை விற்றுக் கொடுத்தவரே, தான் தரகர் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்த ஓர் உள்ளூர்க்காரர்தான். அவருக்குக் கமிஷனை மனநிறைவோடு கொடுத்தோம். எங்களிடம் பணம் வாங்காமல் விளம்பரம் போட்டு, எங்கள் எண்ணைச் சந்தா கட்டியவர்களுக்குத் திறந்துவிடுவதைத்தான் நேரடி விற்பனை என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

ஆகஸ்டில் பத்திரப்பதிவு முடிந்தது. விளம்பரத்தை நீக்கக் கோரி நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விளம்பரம் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதை நீக்குவதற்கு மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விற்ற வீட்டைக் கேட்டு இன்று காலையும் அம்மாவுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. அந்த எண் அப்பா வாங்கிக் கொடுத்தது என்பதால் அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து எங்கள் விளம்பரத்தையும் அதன் மூன்று நகல்களையும் இந்த வாரத்துக்குள் நீக்குங்கள். இனி விளம்பரம் கொடுப்பவர்களின் எண்ணை, அவர்களைக் கேட்காமல் எவருக்கும் தர வேண்டாம் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் விளம்பரம் கொடுத்த ஒரு வீட்டு உரிமையாளர்