மகளைப் பாடவிடு, வதனி

பரந்தன்
தை மாதம்

அன்புள்ள வதனி,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் நாலு வரியோடு முடித்திருக்கலாம். இருந்து எழுதியிருக்கிறாய் என்றால் மனம் நன்றாகக் கொதித்திருக்கிறது என்று விளங்குகிறது. அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். காலபோக அறுவடை தொடங்கிவிட்டது. ஏ9 வீதி ஓரமெல்லாம் நெல் காயப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டியில் போகும்போது பார்த்துத்தான் ஓட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய் குறைவில்லாமல் இருக்கிறது. எனக்குக் கிளினிக், வீட்டுத் தரிசிப்பு, பதிவேடு என்று நாள் போகிறது. சரி, அது போகட்டும், உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டு, அறைக்குள் லப்டொப்பை வைத்துக்கொண்டு பாட்டுச் செய்கிறாள். எட்டு வயதிலிருந்து சங்கீத வகுப்புக்கு அனுப்பி அரங்கேற்றமும் செய்துவைத்த தாய்க்கு அது வலிக்கும், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளைத் தடுக்க நீ எடுத்த ஆயுதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "எங்கட ஆக்களில் ஒருத்தி இப்படிப் போய் என்ன கண்டாள்? எம்.ஐ.ஏ.யைப் பார்" என்று சொல்லியிருக்கிறாய். வதனி, நீ இருப்பது லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில். அந்தப் பெண் வளர்ந்ததும் அதே மிச்சத்தில்தான். நாங்கள் இருவரும் அவரைச் சரியாகப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர் மாதங்கி அருட்பிரகாசம், மாயா. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தகப்பன் அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரைப் புலி என்று பல தடவை எழுதின, அது பிழை. தகப்பன் வீட்டில் இல்லாத வீடு அது. தாய் கலா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்து, 1986இல் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். மிச்சத்தில் அரசாங்க மாடிவீடு, தாய்க்குத் தையல் வேலை. பத்து, பதினொரு வயதில் ஆங்கிலம் சரியாக வராமல் பள்ளிக்குப் போன பிள்ளை. இப்படி எத்தனை பிள்ளைகளை நீயே அங்கே கண்டிருப்பாய்.

இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அவர் பாட்டுக்காரியாக வளர்க்கப்பட்டவர் இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படம் எடுக்கப் படித்தார், ஸ்டென்சில் வெட்டி வர்ணம் அடித்து ஓவியங்கள் செய்தார், அவற்றைக் காட்சிக்கும் வைத்தார். எலாஸ்டிக்கா என்ற ரொக் குழுவுக்கு இசைத்தட்டின் அட்டைப்படம் செய்து கொடுத்தார், அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில் கூடப் பாட வந்த பீச்சஸ் என்ற பெண், றோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டி ஒன்றை வைத்துத் தனி ஆளாக மேடையை ஆட்டிவைப்பதைக் கண்டார். நீயும் செய் என்று பீச்சஸ் தூண்ட, அதே மாதிரிப் பெட்டியை எலாஸ்டிக்காவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் இரவல் வாங்கி அறைக்குள் இருந்து தட்டிப் பழகினார். பாட வேறு யாரையாவது தேடலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம், பிறகு தானே பாடினார். அப்படி வந்த 'கலாங்' என்ற பாட்டை 2003இல் வெறும் ஐந்நூறு இசைத்தட்டுகளாகத்தான் அடித்தார்கள். அது கிளப்களில் கைமாறிக் கைமாறிப் பரவி, எக்ஸ்.எல். என்ற இசைத்தட்டுக் கம்பனி அவரைத் தேடி வந்தது.

உன் மகள் செய்வதும் இதுதானே? அவளிடம் இருப்பது இரவல் பெட்டிகூட இல்லை, சொந்த லப்டொப். அதற்கு மேல் அவளுக்கு ராகமும் தாளமும் ஒழுங்காகத் தெரியும், மாயாவுக்கு அந்தப் பயிற்சி இருக்கவில்லை.

2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயரை வைத்தார், 'அருளர்'. எங்கேயோ இருக்கும் தகப்பன் தன் பெயரைத் தேடும்போது மகளின் பாட்டில் வந்து முட்டட்டும் என்பதற்காக. முட்டினார், பெயரை மாற்றச் சொல்லி மின்னஞ்சலும் போட்டார். மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரில், 'கலா'.

அந்த இரண்டாவது தொகுப்பைப் பற்றித்தான் நான் உனக்கு நீட்டி எழுத வேண்டும். அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்களோடு அதைச் செய்யத் திட்டம் இருந்தது, ஆனால் அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. விசா மறுத்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? அழுவார்கள், திரும்ப விண்ணப்பிப்பார்கள். இவர் மற்றத் திசையில் கிளம்பினார். இந்தியா, டிரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் அங்குள்ள ஓசையைப் பிடித்துப் பாட்டுச் செய்தார். அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் ஒரு பாட்டில் வருகிறார்கள். தமிழ்நாட்டு உருமி மேளக்காரர்கள் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் வருகிறார்கள்.

அந்த உருமியை நான் முதன்முதல் கேட்ட இரவு ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. பிழிந்து மெருகேற்றி, வெளிநாட்டுக்காரன் காதுக்கு இதமாக ஓரமாய் வைத்த மேளம் இல்லை அது. பாட்டின் நடுவில் நின்று அடிக்கிறது, அவர் குரல் அதற்கு மேலே கத்தித்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து நடந்து போவோமே, கோவில் கண்ணில் படுவதற்கு முன்னமே பறை நெஞ்சுக்குள் இறங்கும், நினைவிருக்கிறதா? உருமி வேறு, எங்கள் பறை வேறு. ஆனால் மேளத்தை அடக்காமல் விடும் துணிச்சல் ஒன்றுதான். அந்தத் துணிச்சலை லண்டன் கிளப்புக்குள் கொண்டுபோய் வைத்தவர் மிச்சத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

அதே தொகுப்பில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்'. குடியேறி வந்தவன் என்றால் களவெடுக்க வந்தவன் என்று பார்க்கிறவர்களின் மூஞ்சிக்கு நேரே பாடுகிற பாட்டு. தி கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் இழையை எடுத்து, பிரிக்ஸ்டன் பிள்ளைகளைக் கூட்டிப் பல்லவி பாடவைத்து, நடுவில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் போட்டார். எம்.டி.வி. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை அழித்துவிட்டுத்தான் ஒளிபரப்பியது. அப்படியிருந்தும் 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. விசா கொடுக்காத நாடு அந்தப் பாட்டை வாங்கி வாங்கிக் கேட்டது.

இனி 2009. இதைச் சொல்லாமல் நான் அவரைப் பற்றி எழுத முடியாது. பெப்ரவரி 8ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் கிராமி மேடை. கறுப்பு வெள்ளைப் பொட்டு உடுப்பில், நிறைமாத வயிற்றோடு நின்று பாடினார். பிள்ளை பிறக்க வைத்தியர்கள் குறித்துக் கொடுத்த திகதியே அன்றுதானாம். மூன்று நாளில் மகன் பிறந்தான். அதே கிழமை, இறுதிப் போருக்குள், நான் புதுமாத்தளனில் தறப்பாள் கொட்டிலுக்குள், ஓலைப்பாயில் படுத்திருந்த நிறைமாதத் தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்தேன். 10ஆம் திகதிதான் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயப்பட்டவர்களை ஏற்றத் தொடங்கியது. அதற்கு மேல் அந்தக் கிழமையை எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். நீ போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மினிஸ்டர் வீதியில் குளிரில் நின்ற காலம் அது. மேடையில் ஒரு தமிழ்ப் பெண் வயிற்றோடு நின்ற கதை, மெனிக் பாம் அகதி முகாமால் வெளியே வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னமே ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்து வன்னியில் சனம் சாகிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஒஸ்கார் நியமனமும் கிராமி நியமனமும் கையில் இருந்த மாதத்தில், முகாமையாளர் யாராக இருந்தாலும் "இப்போது வாயை மூடு" என்றுதான் சொல்லியிருப்பார். நாங்கள் வாய் திறக்க முடியாமல் கிடந்தபோது திறந்த வாய் அது. அதற்கு என் நன்றி எப்போதும் உண்டு.

பேசியதற்கு விலையும் கொடுத்தார். 2010இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி நீளமாக எழுதியது. ஏழைகளின் போராட்டம் பேசிக்கொண்டே விலையுயர்ந்த காளான் எண்ணெய் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடுகிறார் என்ற மாதிரி ஒரு காட்சி அதில் இருந்தது. இவர் தன் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். அந்தப் பொரியலை எடுக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுத்ததே எழுதிய பத்திரிகையாளர்தான் என்று அதில் கேட்டது. மாயா பேசிய வாக்கியங்களை முன்பின்னாக மாற்றிச் சேர்த்திருந்ததைப் பத்திரிகையும் ஒரு குறிப்பில் ஒப்புக்கொண்டது. ஆனால் சனத்தின் மனதில் நின்றது பொரியல்தான். வெள்ளைக்காரப் பத்திரிகை நீ போலி என்றது, எங்கள் சனம் நீ உடுப்பில்லாமல் ஆடுகிறாய் என்றது. இரண்டு பக்கத்துக்கும் அவருடைய பாட்டைக் கேட்க நேரம் இருக்கவில்லை. 'கலா' வந்த வருடமே அவர் இதே மாதிரி இன்னொன்றையும் முறைப்பட்டிருக்கிறார். கூட வேலை செய்த டிப்ளோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் எல்லாம் செய்துகொடுத்தார் என்று எழுதினார்களாம். பெண் செய்த வேலைக்கு ஆணின் பெயரைத் தேடுவது எங்கள் கந்தோர்களில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை பார்.

2012இல் அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப் போட்டியான சுப்பர் போல் மேடையில் நடுவிரல் காட்டிய கதையைத்தான் நீ கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்தாய். காட்டினார், உதைபந்தாட்ட லீக் 1.66 கோடி டொலர் கேட்டு நின்றது, 2014இல் சமாதானமாக முடிந்தது. அவ்வளவுதான். அதில் எனக்கு ஆர்வமில்லை. அடுத்த தொகுப்பான 'மாதங்கி'யைக் கம்பனி இழுத்தடித்தபோது, நீங்கள் விடாவிட்டால் நானே வெளியே விடுவேன் என்று சொன்னாரே, அதுதான் என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்பும் குணம். 2013இல் அது வந்தது.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று நான் சொல்லவில்லை. கொரோனாக் காலத்திலும் அதற்குப் பிறகும் தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்னவை எனக்குக் கோபத்தை உண்டாக்கின. சின்னமுத்துக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் ஊசி போடுவதற்காக ஒவ்வொரு தாயின் வாசலிலும் போய் நிற்கிறவள் நான். அந்த ஊசி என்ன செய்கிறது என்று என் பதிவேடு சொல்லும். 2024இல் ட்ரம்புக்கு ஆதரவாகப் பேசியதும் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாதது. அகதிப் படகுகளை வைத்து 'போர்டர்ஸ்' வீடியோவைத் தானே இயக்கிய கை அந்தப் பக்கம் ஏன் போனது என்று கேட்கிறேன். யாருடைய சொல்லையும் கேட்காத மனம் சில நேரம் கேட்க வேண்டிய சொல்லையும் கேட்காது. அந்தக் குறை எனக்குத் தெரிகிறது, ஆனால் பாட்டுகளை அது அழித்துவிடாது.

இன்னொன்று, இது உனக்குப் பிடிக்கும். 2020 ஜனவரியில் பக்கிங்காம் அரண்மனையில் எம்.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச பதக்கம் வாங்கினார். அந்தப் பதக்கங்களின் நாடாவை அப்போது கையால் தைத்த இரண்டு பெண்களில் ஒருத்தி அவருடைய தாய். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வேலையாம். தாயின் உழைப்புக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னார். அந்த வருடமே ட்ரவிஸ் ஸ்கொட்டோடு பாடிய பாட்டு பில்போர்ட்டில் முதலாம் இடத்தில் போய் நின்றது. அப்போது வயது நாற்பத்தைந்து. "என்ன கண்டாள்" என்று கேட்டாயே, வதனி.

மாயாவுக்குக் கிடைத்தது உன் மகளுக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பாட்டால் சாப்பிடுகிறவர்கள் குறைவு. அதனால் கேட்டுக்கொள், ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், பல்கலைக்கழகத்தில் இடத்தை எழுத்தில் பிடித்து வைக்கச் சொல். பகுதிநேர வேலை ஒன்று இருக்கட்டும். யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், சட்டம் தெரிந்தவர் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். மூலப்பதிவின் உரிமை யாரிடம் என்று முதலில் கேட்கச் சொல், பாட்டு எழுதியவள் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். உடுப்பைப் பற்றி நீ சண்டை பிடிப்பதை விட்டு, இதையெல்லாம் அவளோடு இருந்து பேசு. தாய் பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளை நாலு விஷயம் கேட்டுச் செய்யும்.

அவள் செய்த பாட்டு ஒன்றை எனக்கு அனுப்பச் சொல், எப்படியிருந்தாலும் பரவாயில்லை. உண்மையான பறையும் உடுக்கும் பதிவு செய்ய வேண்டும் என்று அவள் கேட்பதாக எழுதியிருந்தாய். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது, கோவலன் கூத்துக்காரர் சிலரையும் முள்ளியவளைப் பக்கம் எனக்குத் தெரியும். முன்கூட்டியே கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, முறையாகப் பதிவு செய்யலாம். மைக் அவள் கொண்டுவரட்டும், மிச்சத்தை நான் பார்க்கிறேன். அறையில் ஃபான் பூட்டியாயிற்று. ரிக்கெட் விலை ஏற முதல் திகதியைச் சொல், எனக்கும் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சுதா