வெனிஸ் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன் அறை முகவரியை வாசித்துக் காட்டினாய். காம்போ சான்தா மார்கெரீத்தாவுக்குப் பக்கத்தில் என்றதும் எனக்கு நிம்மதி. மாணவர்கள் கூடும் இடம். இருட்டிய பிறகும் ஆள் நடமாட்டம் இருக்கும். ஆனால் ‘காம்போ’வை நீ நம் ‘கம்பு’ போல மெலித்துச் சொன்னாய். ‘ம்’முக்குப் பின் வரும் ‘ப’ நம் நாக்கில் தானாகவே மெலிந்துவிடும். இத்தாலியில் அது கூடாது. ‘காம்’ என்று உதட்டை மூடி, ‘பட்டு’ என்பதன் முதல் எழுத்தைப் போல ‘போ’வை அழுத்தமாகத் திற. ‘சான்தா’வும் அப்படித்தான். நம் ஊர்ச் சாந்தாவின் ‘தா’ அங்கே வராது.

காம்போ என்றால் வயல். முன்பு அங்கெல்லாம் புல் வளர்ந்து கிடந்ததாம். இப்போது கல் பாவிய சதுக்கங்கள். பலவற்றின் நடுவில் மூடிய கிணறு ஒன்று நிற்கும். கிட்டப் போய்ப் பார். கல் விளிம்பில், வாளிக் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளங்கள் விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். ஊற்றுக் கிணறு அல்ல அது. சதுக்கத்தில் விழும் மழைநீர் மணலில் வடிந்து அடியில் சேரும். 1884-இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே அதைக் குடித்துத்தான் வாழ்ந்தது. கடல் நடுவில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று கப்பல்காரனுக்குத் தெரியும். அதனால் அந்தக் கிணறுகளைக் கண்டால் நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இத்தாலியின் மற்ற ஊர்களில் சதுக்கத்தைப் பியாட்ஸா என்பார்கள். வெனிஸில் அந்தப் பெயர் சான் மார்கோவுக்கு மட்டுமே உரியது. ‘பியாட்ஸா எங்கே’ என்று நீ கேட்டால், கூட்டம் பிதுங்கும் அந்த இடத்துக்கே கைகாட்டுவார்கள். அதை ஒட்டித் தண்ணீரைப் பார்த்துத் திறந்திருப்பது பியாட்ஸெத்தா. சின்னக் காம்போவுக்குக் கம்பியெல்லோ என்று பெயர். விமான நிலையத்திலிருந்து பஸ் உன்னை இறக்கிவிடப்போவது பியாட்ஸாலே ரோமாவில். வண்டிப் பாதை அதோடு முடிகிறது. பிறகு நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் படகு.

பியாட்ஸாவை ‘பியாஸா’ என்று வழுக்கவிடாதே. நம் ஊரில் பீட்ஸா என்கிறோமே, அந்த ‘ட்ஸா’தான். ‘பி, யா’ என்று பிரிக்காமல் ஒரே மூச்சில் ‘ப்யாட்’ என்று சொல்லி, அங்கே ஒரு நொடி நாக்கை நிறுத்தி, பிறகு ‘ஸா’வை விடு. இரட்டித்த மெய்யில் நின்று போவது தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதல்ல. ‘பாடு’ வேறு, ‘பாட்டு’ வேறு என்று குழந்தையிலேயே பிரித்துச் சொன்னவள் நீ. அங்கே ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நோன்னோ’ தாத்தா. எங்களோடு வேலை செய்த ஆங்கிலேய அதிகாரிகள் தடுமாறிய இடம் இதுதான்.

அழுத்தம் விழும் இடத்தையும் கவனி. பியாட்ஸாவில் முதல் அசையில் விழும். பியாட்ஸாலேயில் ‘ஸா’வுக்கு நகர்ந்துவிடும். ரோமில் உள்ள போபொலோ சதுக்கத்தில் முதல் ‘போ’வையே ஓங்கிச் சொல்ல வேண்டும். அங்கேயே உள்ள ஸ்பாஞ்ஞா சதுக்கத்தின் பெயரில் உனக்குச் சிரமமே இராது, நம் ‘ஞ’வே அது.

ரோமுக்குப் போனால் பியாட்ஸா நவோனாவில் அரைநாளாவது இரு. பழைய ரோமானிய ஓட்டப்பந்தயத் திடலின் மேல் எழுந்த சதுக்கம் என்பதால்தான் அது அப்படி நீண்டு கிடக்கிறது. நடுவில் 1651-இல் சிற்பி பெர்னினி முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. அதில் நம் கங்கையும் ஒரு சிலையாக உண்டு. கையில் துடுப்போடு அமர்ந்திருப்பவரைத் தேடு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது திரியெஸ்தேயின் பியாட்ஸா உனிதா. மூன்று பக்கம் மாளிகைகள், நான்காவது பக்கம் வெறும் கடல். துறைமுகத்தில் கப்பல் நின்றபோதெல்லாம் மாலை அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன். ‘உனிதா’வில் கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடு இருக்கும், அழுத்தம் அங்கே. வெனிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். முதல் விடுமுறையிலேயே போய் வா.

அன்புடன்,
அப்பா